இரண்டு இடம் முன்னால்

தோஹா
26 ஆகஸ்ட் 2024

சாய்மா ஆப்பாவுக்கு,

சலாம் எழுதாமல் கடிதத்தை ஆரம்பிக்கக் கூடாது என்று அப்பா பழக்கிவிட்டார். அதனால் சலாம். உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று அம்மா முன்னால் சொல்லிவிட்டேன், உன் நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறேன். சின்ன வயதில் அக்கா தம்பிக்குள் பேச்சு நின்றால் அறைக்கதவுக்கு அடியில் சீட்டு எழுதித் தள்ளுவோமே, சீட்டு பேச்சில் சேராது என்று நீதானே சட்டம் போட்டாய்? இதையும் அப்படியே வைத்துக்கொள். என் அறையில் தங்கியிருக்கும் முருகன் லீவில் சென்னைக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பத்து நாள் வீட்டில் இருந்தேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். உன் முகத்தைப் பார்த்ததும் கோபம் வந்துவிடும், தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன். இப்போது கேட்கிறேன்.

எட்டாம் தேதி மத்தியானம் ஒரு மணிக்கு அப்பா ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டார். அப்போது நான் விமானத்தில் இருந்தேன், எனக்குத் தெரியாது. ‘அப்பாவுக்கு முடியலை, கிளம்பி வா’ என்று நீ சொன்னதால் கிளம்பியவன் நான். உனக்கோ நாலு மணிக்கே தெரியும், அம்மாவே சொன்னாள். நீ வேலை செய்யும் விமான நிலையத்திலிருந்து அபிராமபுரத்துக்கு எவ்வளவு தூரம்? நீ வீட்டுக்கு வந்தது ஒன்பது மணிக்கு. அடக்கம் முடிந்து, ஜனங்கள் எல்லாம் கலைந்த பிறகு. வானத்தைப் பார்த்துக்கொள்ள அங்கே உன்னை விட்டால் வேறு ஆளே இல்லையா?

நான் கபர்ஸ்தான் வாசலுக்கு ஓடி வரும்போது மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “குழில தண்ணி ஊறிக்கினே இருந்துச்சுடா, மையத்த எவ்ளோ நேரம் வெச்சிக்கினு இருக்கிறது?” என்று அழுதார். நான் ஒரே மகன். அப்பாவை உள்ளே இறக்கி வைத்திருக்க வேண்டிய கை இது. ஒரு பிடி மண்கூடப் போடவில்லை.

எதனால் தாமதம் என்று உனக்கும் தெரிந்திருக்கும். இறங்க வந்த விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட்டது. எதிலோ மோத இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் உங்கள் ஆபீஸில் விமானங்களுக்கு வழி சொல்லும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எவன்? எனக்குப் பெயர் வேண்டும். உன்னால் கண்டுபிடிக்க முடியும். அப்பாவுக்காக இந்த ஒன்றையாவது செய்.

தல்ஹா

•

அபிராமபுரம்
5 செப்டம்பர் 2024

தம்பி தல்ஹாவுக்கு,

வ அலைக்கும் சலாம். முருகன் வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். நீ என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியவில்லை.

அன்று காலையில் டாக்டர், “ஆபத்து தாண்டியாச்சு, நீங்க வேலைக்குப் போகலாம்” என்றார். அதனால்தான் போனேன். எங்கள் அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நாலு மணிக்கு இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது அம்மாவிடமிருந்து பதினேழு அழைப்பு. அப்பா போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்த மூன்று மணி நேரமும் நான் யார் யாருடைய பிள்ளைகளையோ பத்திரமாக இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஏன் உடனே வரவில்லை என்று கேட்கிறாய். வர முடியவில்லை. அதற்கு மேல் இப்போது எழுத முடியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா முகத்தை நீ பார்க்கவில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். நானும் பார்க்கவில்லை. பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை, எனக்கு வீட்டு ஹாலில் மட்டும்தான் அவர் கிடைத்திருப்பார். நான் வந்தபோது ஹாலைக் கழுவி விட்டிருந்தார்கள். நீ பத்து நாள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய், இதை ஒரு தடவை நினைத்துப் பார்த்தாயா?

நீ கேட்ட பெயரைப் பற்றி: விசாரணை நடக்கிறது, அன்று வேலையில் இருந்த எல்லோரையும் கேட்கிறார்கள். பெயரை வெளியே சொல்லக் கூடாது. என்னைத் தொந்தரவு செய்யாதே.

அம்மா இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்பதால் பின்பக்க அறையே கதி. எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா தினமும் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். விமானச் சத்தம் கேட்டால் அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறாள். அது போன பிறகுதான் மறுபடி ஆரம்பிக்கிறாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு.

சாய்மா

•

தோஹா
17 செப்டம்பர் 2024

ஆப்பாவுக்கு,

சலாம். நீ முகம் பார்க்கவில்லை என்பதை நான் நினைக்கவில்லைதான். அது என் தப்பு. ஆனாலும் கோபம் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரை வெளியே சொல்லக் கூடாதாம்! நல்ல ஆபீஸ். நீ சொல்ல வேண்டாம், நானே விசாரணைக் குழுவுக்குப் புகார் எழுதி அனுப்பிவிட்டேன். இருக்கை எண், நான் பார்த்தது, அதனால் என் தந்தையின் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போனது, எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்த ஆள் இனி வாழ்நாளில் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று கடைசி வரியில் போட்டிருக்கிறேன்.

நான் பார்த்ததை உனக்கும் எழுதுகிறேன். வழக்கம்போல வலப்பக்க ஜன்னல். கடலைத் தாண்டியதும் மயிலாப்பூர் தெப்பக்குளம் தெரியும். அதிலிருந்து கண்ணை நகர்த்தி நம் மாடியைத் தேடுவேன். நான் வருகிற நாளெல்லாம் அப்பா தி.நகரில் நம் தையல் சாமான் கடையிலிருந்து சிவப்பு லைனிங் துணியில் ஆறு மீட்டர் வெட்டிக்கொண்டு வந்து மாடிக் கொடியில் கட்டிவிடுவார், நினைவிருக்கிறதா? அந்தத் துணி தெரிந்த பிறகுதான் எனக்கு ஊர் வந்த மாதிரி.

அன்று பக்கத்தில் ஒரு நிழல் வந்தது. திரும்பிப் பார்த்தால் இன்னொரு விமானம், எங்களைவிடக் கொஞ்சம் கீழே. அதன் ஜன்னல்களை எண்ணியிருக்கலாம். அடுத்த நொடி எங்கள் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. என்ஜின் போட்ட சத்தத்தில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் மடியில் இருந்த கைக்குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்தாள், நான் கலிமா சொன்னேன். அந்த நிலைமையிலும் என் கண் கீழே போனது. தெப்பக்குளம் தெரிந்தது, நம் தெரு தெரிந்தது. மாடியில் துணி இல்லை. சுற்றிக்கொண்டு இரண்டாவது தடவை வந்தபோதும் பார்த்தேன். கொடி வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் யாரையாவது விட்டுக் கட்டச் சொல்லியிருப்பார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது ஆப்பா. கீழே இறங்கி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறங்கிய பிறகும் அரைமணி நேரம் கதவைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து அந்த ஆள் பதில் சொல்லட்டும்.

தல்ஹா

•

அபிராமபுரம்
29 செப்டம்பர் 2024

தல்ஹா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இனி கிழிக்க மாட்டேன்.

அந்த நாற்காலியில் இருந்தது நான்.

உட்கார்ந்து படி. நாலு மணிக்கு அம்மாவிடம் பேசினேன். “மஃரிப் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறாங்களாம். தம்பி அதுக்குள்ள வந்துடுவானா?” என்று கேட்டாள். “வந்துடுவான்மா, நான் கொண்டு வரேன்” என்றேன். நான் செய்த முதல் தப்பு அந்த வாக்கு. வீட்டில் மவுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷமே அனுப்பிவிடுவார்கள். சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை சுஹாஸ், “இன்னா சாய்மா, கண்ணு செவந்து கீது?” என்றான். தூசி என்றேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கடல் பக்கமிருந்து வருகிறவர்களைத் திரையில் பார்த்து, ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டி அனுப்புவது. அன்று மேகம், வரிசை நீளம். நீ ஆறாவது. அப்படியே விட்டிருந்தால் ஐந்து மணி நாலு நிமிஷத்துக்கு இறங்கியிருப்பாய். மஃரிப் ஆறரை மணிக்கு. கிண்டி நெரிசலை நினைத்தேன், போதாது என்று தோன்றியது. உன்னை நாலாவது இடத்துக்குக் கொண்டுவந்தால் ஆறு நிமிஷம் மிச்சம். உன் விமானத்தைக் குறுக்கே திருப்பி, நேராக வந்துகொண்டிருந்த பெரிய விமானத்துக்கு முன்னால் விட்டேன். அதை வேகம் குறைக்கச் சொன்னேன். கனமான விமானம், சொன்னவுடன் வேகம் குறையாது. இது எனக்குத் தெரியாததில்லை. பதினோரு வருஷமாகத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் மூன்று மைலோ ஆயிரம் அடி உயரமோ இருக்க வேண்டும். உங்களுக்கு இருந்தது முக்கால் மைல், முந்நூற்றைம்பது அடி. இரண்டு எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் அவ்வளவுதான். “சாய்மா, அந்த ரெண்டையும் பாரு!” என்று சுஹாஸ் கத்தினான். அதற்குள் உங்கள் விமானத்தில் இருக்கும் எச்சரிக்கைக் கருவி ஏறச் சொல்லிவிட்டது, மற்றதை இறங்கச் சொல்லிவிட்டது. கருவி பேசிவிட்டால் நாங்கள் பேசக் கூடாது என்பது விதி. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். இரண்டிலும் சேர்த்து நானூற்றிருபது பேர். திரையில் இரண்டு புள்ளிகள். அதில் ஒன்று நீ.

மறுபடி வரிசையின் கடைசியில் நின்று நீ இறங்கியது ஐந்து முப்பத்தாறு. உன்னைத் தொடாமல் விட்டிருந்தால் அப்பாவை உன் கையால் இறக்கியிருப்பாய். இதைத்தான் தினமும் நினைக்கிறேன், வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

என்னை உடனே எழுப்பிவிட்டார்கள். ஒரு அறையில் உட்கார வைத்து, குடித்திருக்கிறேனா என்று வாயில் கருவியை வைத்து ஊதச் சொன்னார்கள். எட்டு மணி வரை கேள்வி. அதனால்தான் ஒன்பது மணி.

எனக்குப் போன் வந்தது குழுவுக்குத் தெரியாது. அந்த விமானத்தில் என் தம்பி இருந்ததும் தெரியாது. மேகமும் நெரிசலும் சேர்ந்து கணக்குத் தப்பிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படியே விட்டால் மூன்று மாதம் பயிற்சி, பிறகு திரும்ப நாற்காலி. அப்படியே விடச் சொல்லித்தான் சுஹாஸும் சொல்கிறான். ஆனால் உன் புகாரில் அப்பா பெயர் இருக்கும். மெஹபூப் பாஷா. என் பதிவிலும் அதே பெயர்தான். நவம்பர் ஐந்தாம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள்.

என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீ தேடிய பெயர் இதுதான்.

சாய்மா

•

தோஹா
12 அக்டோபர் 2024

ஆப்பா என்று எழுதக் கை வரவில்லை.

நான் உன்னைக் கேட்டேனா? அந்தக் குழந்தையின் அம்மா கேட்டாளா?

ரம்ஜான் கூட்டத்தில் பெரியப்பா நம் கடைக்கு வந்து ஒரு டஜன் பட்டன் கேட்டபோதே, “வரிசையில வாங்கண்ணே” என்றவர் அப்பா. சொந்த அண்ணனை அரைமணி நேரம் நிற்க வைத்தார். நீ அவருடைய மகள்.

‘அந்த ஆள்’ கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று முருகனிடம் விதவிதமாகச் சொல்லியிருக்கிறேன். அவன் நேற்றுக்கூட, “ஆள் யார்னு தெரிஞ்சுதாடா?” என்று கேட்டான். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

இனி எழுதாதே.

தல்ஹா

•

தோஹா
24 அக்டோபர் 2024

ஆப்பா,

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. சொன்ன பேச்சை நீ கேட்டது இதுதான் முதல் தடவை. ரோஷக்காரி.

புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். கோபத்தில் எழுதிவிட்டேன், மேற்கொண்டு போக விருப்பமில்லை என்று அனுப்பினேன். நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்துவிட்டது. அப்பா பெயர் இனி அந்தக் காகிதக் கட்டில் இருக்காது என்று நினைக்கிறேன். ஐந்தாம் தேதி போய் மேகம் என்று சொல், நெரிசல் என்று சொல், வாயை மூடிக்கொண்டு வந்துவிடு. பாழாய்ப்போன அந்தப் பரீட்சைக்கு நீ மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் தெருவில் எவனும் எழுதாத பரீட்சை. அப்பா கடைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம், “என் பொண்ணு சொன்னாத்தான் பிளேனே எறங்கும்” என்று பீற்றிக்கொள்வார். அந்த நாற்காலியும் போய்விட்டால் அவர் இன்னொரு தடவை செத்த மாதிரி.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சில நாள் காலையில் எழுந்ததும் உன் மேல் அப்படிக் கோபம் வருகிறது. சில நாள் அந்த ஹால், கழுவி விட்ட தரை, நீ செருப்போடு வாசலில் நிற்பது, இதுதான் வருகிறது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்று ஒரு வரி எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். மேலே அடித்திருப்பது அதுதான்.

முருகனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “உங்க அக்கா சாப்பிடுறாங்களா, அதைக் கேளு” என்றான். கேட்கிறேன்.

தல்ஹா

•

அபிராமபுரம்
10 நவம்பர் 2024

என் தம்பிக்கு,

சலாம். சாப்பிடுகிறேன் என்று முருகனிடம் சொல்.

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஐந்தாம் தேதி போனேன். எதிரில் மூன்று பேர். நீ சொன்ன மாதிரியே உன் புகார் அவர்கள் காகிதக் கட்டில் இல்லை. நடுவில் இருந்த பெரியவர் தன்மையாகத்தான் கேட்டார், “மேகம்தான் காரணமா அம்மா?” ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவரே எடுத்துக் கொடுத்தார், நான் தலையை ஆட்டினால் போதும்.

பிறகு அன்றைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பெரிய விமானத்தை வேகம் குறைக்கச் சொல்கிறேன். அந்த விமானி காரணம் கேட்கவில்லை. சரி என்கிறார். நான் சொன்னால் ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்பி, தனக்குப் பின்னால் இருநூற்று நாற்பது பேரை வைத்துக்கொண்டு சரி என்கிறார். அதிலும் யாராவது அடக்கத்துக்கு ஓடி வந்துகொண்டிருந்திருக்கலாம், தல்ஹா. எனக்கு எப்படித் தெரியும்? என் குரல் அவ்வளவு தெளிவாக, நடுங்காமல் இருந்தது. அதைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன், அம்மா, நீ, ஆறு நிமிஷம். உன் பேச்சைக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்.

இனி அந்த நாற்காலி கிடையாது. உன் புகாரின் கடைசி வரி பலித்துவிட்டது. நேற்று முதல் காகிதப் பிரிவு. ஜன்னல் இல்லாத அறை, பழைய வரைபடங்களைத் திருத்த வேண்டும். சுஹாஸ் மத்தியானம் வந்து, “பைத்தியமா நீ?” என்று கேட்டான். கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.

ஐந்தாம் தேதியே வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். “அன்னிக்கு அப்பாவ ஹால்ல கெடத்தி இருந்தப்போ ஒரு பிளேன் கத்திக்கினு மேல போச்சே, கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. அதுலயா இருந்தான்?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்போ அவன் வந்துட்டான். அப்பா தலைக்கு மேலயே வந்துட்டுப் போயிருக்கான்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதான்டி வரல” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் மத்தியில் இத்தா முடிகிறது. நீ வா. வந்து கபர்ஸ்தானுக்குப் போ. என் சார்பிலும் ஒரு பிடி மண் போடு.

ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பரில் காற்று மாறியிருக்கும். அப்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து வராது, தாம்பரம் பக்கத்திலிருந்து இறங்கிவிடும். தெப்பக்குளமும் தெரியாது, நம் தெருவும் தெரியாது. அப்பாவிடமும் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், டிசம்பரில் கட்டாதீர்கள், அவன் இந்தப் பக்கமே வர மாட்டான் என்று. “காத்து எந்தப் பக்கம் வேணா அடிக்கட்டும். புள்ள தேடுவான் இல்ல?” என்பார். கட்டிவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

நேற்று கடையைத் திறந்து ஆறு மீட்டர் வெட்டிக்கொண்டு வந்தேன். அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அவளிடம் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. இனி என்னால் உன்னை இறக்க முடியாது. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது, காலையிலேயே மாடிக்குப் போய்க் கட்டிவிடுகிறேன்.

சாய்மா